21 நாள் ஆகியும் குஞ்சு இறங்கவில்லையா? வீட்டு இன்குபேட்டரில் பொரிப்பு குறையும் காரணத்தைக் கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

முப்பது முட்டை வைத்து எட்டுக் குஞ்சுதான் இறங்கியது என்றால், பலரும் முதலில் கை வைப்பது தெர்மோஸ்டாட்டில்தான். அடுத்த முறை வெப்பத்தை அரை டிகிரி கூட்டுவது, அதற்கடுத்த முறை தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக்குவது, அப்புறம் ஃபேனை மாற்றுவது என்று போய்க்கொண்டே இருக்கும். முட்டைதான் வீணாகும். எது கெடுத்தது, எது சரியாக்கியது என்பது கடைசிவரை தெரியாது.

பொரிக்காத முட்டையைக் குப்பையில் போடாமல் உடைத்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும். கரு எந்த நாளில் நின்றுபோனது என்று தெரிந்தாலே, குறை சேவலிலா, முட்டை சேர்த்து வைத்த விதத்திலா, பெட்டியின் வெப்பத்திலா, கடைசி மூன்று நாளிலா என்று பாதிக்கு மேல் புரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

முதலில் கணக்கை எழுதுங்கள்

30 முட்டை வைத்தீர்கள். அதில் 6 கூமுட்டை, அதாவது சேவல் சேராததால் கரு இல்லாத முட்டை. மீதி 24 கருமுட்டையில் 18 குஞ்சு இறங்கியது. வைத்த முட்டைக்குக் கணக்குப் போட்டால் 60 சதவீதம். கருமுட்டைக்குக் கணக்குப் போட்டால் 75 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் தனித்தனியாக எழுதி வைக்க வேண்டும். இரண்டாவது எண் நன்றாக இருந்து முதல் எண் மட்டும் அடிவாங்கினால் இன்குபேட்டரைத் தொடவே வேண்டாம், கோழிக்கூண்டுப் பக்கம் போங்கள். கருமுட்டையில் 80 சதவீதம் குஞ்சு இறங்கினால் வீட்டுப் பெட்டிக்கு அது நல்ல பொரிப்பு.

நாள் கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. திங்கள் மாலை வைத்த முட்டைக்கு மூன்று வாரம் கழித்து வரும் திங்கள்தான் 21வது நாள். வைத்த நாளையே முதல் நாளாக எண்ணினால் ஒரு நாள் முந்திவிடும். குஞ்சு வரவில்லையே என்று பதறி மூடியைத் திறக்கத் தோன்றும்.

பொரிக்காத முட்டையை உடைத்துப் பார்ப்பது எப்படி

23ஆம் நாள் வரை பொறுத்திருங்கள். அதன் பிறகு முட்டையை இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, அசைவோ சத்தமோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு வெளியே கொண்டுபோய் உடையுங்கள். வீட்டுக்குள் வேண்டாம். அழுகிய முட்டை கையிலேயே வெடிக்கும், அந்த நாற்றம் லேசில் போகாது. கையுறை போட்டுக்கொண்டு, அகன்ற முனையில் ஒரு கரண்டிக் காம்பால் மெல்லத் தட்டி, காற்று அறைக்கு மேலிருக்கும் ஓட்டைச் சில்லுச் சில்லாக எடுங்கள். உள்ளே வெள்ளைச் சவ்வு தெரியும். அதைக் கிழிக்கும் முன் காற்று அறையின் அளவைப் பாருங்கள். பிறகு உள்ளே இருப்பதைப் பழைய தட்டில் கவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

ஒன்றுமே உருவாகாமல் மஞ்சள் கரு அப்படியே இருக்கிறதா? அதன் மேல் சின்னதாக வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் சேவல் சேராத முட்டை. புள்ளிக்குப் பதில் வெளிறிய சவ்வு போலப் படர்ந்திருந்தால் கரு இருந்தது, முதல் ஒன்றிரண்டு நாளிலேயே இறந்துவிட்டது. டார்ச்சில் பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரி வெறுமையாகத்தான் தெரியும், ஆனால் காரணம் முற்றிலும் வேறு. உடைத்துப் பார்க்கச் சொல்வது முக்கியமாக இதற்காகத்தான்.

சிவப்பாக ஒரு ரத்த வளையம் தெரிந்தால் முதல் வாரத்திலேயே, பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள், கரு இறந்திருக்கிறது. கறுப்புக் கண் தெரிகிறது, தூவி இல்லை என்றால் முதல் வாரக் கடைசியிலிருந்து இரண்டாம் வாரத்துக்குள். உடம்பெல்லாம் தூவி இருந்து, மஞ்சள் கரு வயிற்றுக்கு வெளியே தொங்கினால் 19ஆம் நாளுக்கு முன். முழுக் குஞ்சாக இருந்து மஞ்சள் கரு உள்ளே போயிருந்தால், பொரிக்கும் வாசல் வரை வந்து நின்றுவிட்டது என்று பொருள். ஒவ்வொரு முட்டைக்கும் எதிரே இதை ஒரு வரி எழுதுங்கள். பத்து முட்டை உடைத்தால் அதில் ஆறேழு ஒரே கதையைச் சொல்லும். அந்தக் கதையைத்தான் பின்தொடர வேண்டும்.

கூமுட்டை அதிகமானால்

கடையில் வாங்கிய வெள்ளை முட்டையை வைத்துவிட்டு இன்குபேட்டரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. நாமக்கல் பக்கம் கூண்டுகளில் வளரும் முட்டைக்கோழிகளுக்கு நடுவே சேவலே கிடையாது. அந்த முட்டையில் கரு வராது. கடையில் நாட்டுக்கோழி முட்டை என்று விற்பதிலும் எத்தனை நாள் ஆனது, வெயிலில் எவ்வளவு நேரம் இருந்தது என்று நமக்குத் தெரியாது.

சொந்தக் கோழி என்றால் எட்டிலிருந்து பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இரண்டு சேவலை ஒன்றாக விட்டால் அவை ஒன்றையொன்று விரட்டுவதிலேயே பொழுது போய்விடும். சேவலின் காலைத் தூக்கிப் பாருங்கள். பாதத்தில் புண்ணோ வீக்கமோ இருந்தால் பெட்டை மேல் ஏறி நிற்க முடியாது. மேலே நன்றாகத் தெரிந்தாலும் முட்டை எல்லாம் கூமுட்டையாகும். உடம்பு பெரிய பெருவிடை இனச் சேவலை உடம்பு சின்ன சிறுவிடை இனப் பெட்டையோடு விட்டாலும் இணை சரியாகச் சேராது. கோடையில் சேவலின் விந்துத் தரமும் குறையும். சித்திரை, வைகாசியில் கூமுட்டை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதுச் சேவல் விட்ட அன்றே முட்டை எடுத்து வைக்கக் கூடாது, ஒரு வாரமாவது போகட்டும். இனம் மாற்றுவதாக இருந்தால் பழைய சேவலை எடுத்து மூன்று வாரம் கழித்த பிறகுதான் முட்டை சேர்க்க வேண்டும். பெட்டையின் உடம்பில் விந்து இரண்டு வாரத்துக்கும் மேல் உயிரோடு தங்கும்.

கரு பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஏழு நாள் காத்திருக்கவும் தேவையில்லை. சமையலுக்கு உடைக்கும் முட்டையில் மஞ்சள் கரு மேலிருக்கும் புள்ளியைக் கவனியுங்கள். சின்னதாகத் திட்டுத் திட்டான வெள்ளைப் புள்ளி என்றால் கரு இல்லை. அதைவிடப் பெரிதாக, நடுவில் தெளிவும் ஓரத்தில் வளையமுமாக இருந்தால் கரு உண்டு. நான்கைந்து முட்டையில் இப்படிப் பார்த்துவிட்டால் சேவல் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்.

முதல் வாரத்திலேயே கரு இறந்தால்

ரத்த வளையமும் வெளிறிய சவ்வும்தான் அதிகம் என்றால், முட்டை பெட்டிக்குள் போவதற்கு முன்பே கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

முட்டை இடப்படும்போதே கருவின் வளர்ச்சி ஒரு நாள் அளவு நடந்து முடிந்திருக்கும். வெளியே வந்து குளிர்ந்ததும் அந்த வளர்ச்சி நின்று தூங்கும். சுமார் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்தத் தூக்கம் கலையாது. ஏப்ரல், மே மாதத்தில் நம் வீட்டுக்குள்ளேயே 33, 34 டிகிரி. கரு வளரவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் அரைகுறையாக விழித்துப் பலவீனமாகிவிடும். தகரக் கூரைக்குக் கீழ் அலமாரியில் ஒரு வாரம் கிடந்த முட்டையை எவ்வளவு நல்ல பெட்டியில் வைத்தாலும் ரத்த வளையம்தான் மிஞ்சும்.

சேர்த்து வைக்க ஏற்றது 15 முதல் 18 டிகிரி, காற்றில் நல்ல ஈரம், அதிகபட்சம் ஏழு நாள். அந்தக் குளிர் நம் வீட்டில் கிடைக்காது, ஃப்ரிட்ஜின் 4, 5 டிகிரியோ அளவுக்கு மீறிய குளிர். கைக்கு எட்டிய வழி மண்பானைதான். ஒரு தட்டில் ஆற்று மணலைக் கொட்டித் தண்ணீர் தெளித்து, அதன் மேல் பானையை வைத்து, உள்ளே முட்டைகளைக் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, ஈரச் சாக்கால் பானையைப் போர்த்தி நிழலில் வையுங்கள். முட்டை மேல் தண்ணீர் படக் கூடாது. இதிலும் 18 டிகிரி வராது. ஆனால் அறை வெப்பத்தைவிடப் பல டிகிரி குறையும். கோடையில் மூன்று நாலு நாளைக்கு மேல் சேர்க்காமல், கிடைத்ததை வைத்து அடைப் போடுவதே மேல்.

முட்டையை நாளுக்கு இரண்டு மூன்று முறை பொறுக்குங்கள். கோழி அடியிலேயே விட்டால் அடுத்த கோழி வந்து உட்கார்ந்து சூடேற்றும். அழுக்கு முட்டையைக் கழுவவும் வேண்டாம். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அதன் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே போகும் வழி திறந்துவிடும். லேசாக ஒட்டியிருப்பதைக் காய்ந்த துணியால் தேய்த்து எடுங்கள், ரொம்ப அழுக்கானதை அடைக்கு வைக்காமல் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில், பார்சலில் வந்த முட்டையைக் கூர்முனை கீழாக ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் முதல் வாரத்தில் இறந்தால், அப்புறம் பெட்டியின் வெப்பத்தைச் சந்தேகப்படலாம்.

வெப்பம்: காட்டும் எண்ணை நம்பாதீர்கள், சோதித்துப் பாருங்கள்

ஃபேன் உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 ஃபாரன்ஹீட். ஃபேன் இல்லாத பெட்டியில் சூடு மேலே தேங்கும் என்பதால், முட்டையின் மேல்மட்டத்தில் வைத்து அளந்தால் 38.3 முதல் 38.9 வரை இருக்க வேண்டும். எண்கள் எல்லோருக்கும் தெரியும். திரையில் காட்டும் 37.5 உண்மையிலேயே 37.5 தானா என்பதுதான் விஷயம். மலிவு சென்சார் ஒரு டிகிரி தவறுவது சாதாரணம், அந்த ஒரு டிகிரியே பொரிப்பைக் கெடுத்துவிடும்.

இதைச் சரிபார்க்க வீட்டிலேயே ஒரு கருவி இருக்கிறது: காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர். ஒரு பெரிய டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து, காய்ச்சல் தெர்மாமீட்டர் 38 காட்டும் வரை சூடும் பச்சையும் கலந்து பதப்படுத்துங்கள். அதே தண்ணீரில், அதே ஆழத்தில், நீர் புகாத சென்சாரின் முனையையும் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் கலக்கிக்கொண்டே பாருங்கள். சென்சார் 37 காட்டினால் அது ஒரு டிகிரி குறைவாகச் சொல்கிறது. நீங்கள் 37.5 என்று வைத்திருக்கும்போதெல்லாம் முட்டை 38.5ல் வெந்துகொண்டிருக்கிறது. வித்தியாசத்தை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டி மேலேயே ஒட்டிவிடுங்கள்.

தெர்மோகோல் பெட்டியில் சொந்தமாகச் செய்தவர்கள் வெப்பத்தைக் கட்டுப்படுத்தப் பெரும்பாலும் டபிள்யூ 1209 (W1209) என்ற சின்ன மின்னணு போர்டு போட்டிருப்பீர்கள். அதில் பி1 என்ற அமைப்பு வரும்போதே 2 டிகிரி இடைவெளியில் இருக்கும். அதை மாற்றாவிட்டால் 37.5ல் அணைந்த பல்ப் 35.5க்கு இறங்கிய பிறகுதான் மறுபடி எரியும். பி1ஐ 0.2 அல்லது 0.3க்குக் குறைத்துவிடுங்கள். சென்சார் பல்புக்கு நேராகவோ ஃபேன் காற்றுக்கு எதிரிலோ இல்லாமல் முட்டையின் உயரத்தில் தொங்க வேண்டும். பல்ப் ஒன்றுக்குப் பதில் இரண்டாகப் போட்டால் ஒன்று ஃப்யூஸ் ஆனாலும் ராத்திரி முழுக்க முட்டை குளிர்ந்து போகாது. பெட்டியின் நாலு மூலையிலும் தெர்மாமீட்டரை அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை ஒரு டிகிரி மாறினால் ஃபேன் போதவில்லை. சரி செய்யும் வரை முட்டைகளின் இடத்தையாவது தினமும் மாற்றி வையுங்கள்.

இறங்கிய குஞ்சுகளும் சாட்சி சொல்லும். 19, 20ஆம் நாளே அவசரமாக இறங்கி, தொப்புள் மூடாமல் ரத்தக் கசிவோடு இருந்தால் சூடு அதிகம். 22, 23 வரை இழுத்து, வயிறு பெருத்து மெத்தென்று, கால் ஊன்ற முடியாமல் இருந்தால் சூடு குறைவு.

கோடையில் இன்னொரு சிக்கல் உண்டு, அதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. இன்குபேட்டருக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறை 38 டிகிரிக்குப் போனால் பல்ப் எரியாமலேயே பெட்டி 38ஐத் தாண்டிவிடும். 40 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் போதும், மொத்தமும் போய்விடும். மே மாதத்தில் பெட்டியை வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், தரையில் வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ் வேண்டவே வேண்டாம்.

கரண்ட் போனால் அவ்வளவு பயப்படத் தேவையில்லை. கரு குளிரைத் தாங்கும் அளவுக்குச் சூட்டைத் தாங்காது. மூடியைத் திறக்காமல் பெட்டி மேல் கம்பளியைப் போட்டு, காற்றுத் துளையை மட்டும் மறைக்காமல் விட்டால் ஓரிரு மணி நேரம் சமாளிக்கும். அதற்கு மேல் போனால் வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே ஓரமாக வையுங்கள். கடைசி வாரத்தில் மட்டும் கவனம் வேண்டும். வளர்ந்த கரு தானே சூட்டை வெளியிடும், ஃபேன் நின்றால் பெட்டி நிறைய முட்டை உள்ள இடத்தில் வெப்பம் ஏறவும் கூடும். அப்போது போர்த்துவதற்கு முன் தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

நடுவில் இறந்தால்

இரண்டாம் வாரத்தில் கரு இறப்பது பொதுவாகக் குறைவு. உங்கள் பெட்டியில் அதுவே அதிகம் என்றால் தாய்க்கோழியின் தீனியைப் பாருங்கள். வெறும் அரிசியும் கம்பும் மட்டும் தின்னும் கோழியின் முட்டையில் வைட்டமின்கள், குறிப்பாக ரிபோஃபிளேவின், போதாது. இறந்த குஞ்சின் தூவி சுருண்டு முடிச்சு முடிச்சாக இருந்தால் அந்தக் குறைதான். முருங்கைக்கீரை, அகத்தி, கரையான், கிளிஞ்சல் தூள், அதோடு நல்ல கோழித்தீவனம் என்று ஒரு மாதம் கொடுத்துவிட்டுப் பிறகு முட்டை சேர்த்தால் வித்தியாசம் தெரியும். வருடக்கணக்காக ஒரே குடும்பத்துச் சேவலையே வைத்திருந்தாலும் இப்படி நடக்கும். வெளியூர்ச் சேவலை மாற்றுங்கள்.

முட்டை திருப்புவதும் இங்கே வரும். 18ஆம் நாள் வரை ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்ப வேண்டும். ஒற்றைப்படை எண் எதற்கென்றால், ராத்திரி நெடுநேரம் ஒரே பக்கம் கிடப்பது அடுத்த நாள் மாறும். பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போடுங்கள். தானாகத் திருப்பும் மோட்டார் இருந்தாலும் குறி போடுங்கள், மோட்டார் நின்றுபோனால் அதை வைத்துத்தான் தெரியும்.

முழுக் குஞ்சாகி ஓட்டுக்குள்ளேயே இறந்தால்

அதிகம் மனசு நோகச் செய்வது இதுதான். இங்கே குற்றவாளி பெரும்பாலும் ஈரப்பதம்.

முட்டை 18 நாளில் தன் எடையில் சுமார் 12, 13 சதவீதத்தை நீராவியாக இழக்க வேண்டும். அப்போதுதான் காற்று அறை போதிய அளவு விரியும், குஞ்சு அதில் மூக்கை நீட்டி முதல் மூச்சை இழுக்கும். ஈரம் அதிகமானால் காற்று அறை சிறுத்து, உள்ளே தண்ணீர் தங்கிக் குஞ்சு மூழ்கிப்போகும். உடைக்கும்போது நீர் கொட்டும். ஈரம் குறைந்தால் காற்று அறை மிகப் பெரிதாகி, குஞ்சு சிறுத்து, சவ்வு காகிதம் போலக் காய்ந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். உடைத்த முட்டையில் இந்த இரண்டில் எது என்று பார்த்தாலே எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்று தெரியும்.

18ஆம் நாள் வரை 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70 என்பது பொது விதி. ஆனால் எத்தனை கிண்ணம் தண்ணீர் என்பதற்கு விதி கிடையாது, அது ஊரையும் பருவத்தையும் பொறுத்தது. ஐப்பசி மழையில் சென்னையில் அறை 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்றே 37.5க்குச் சூடாகும்போது, தண்ணீரே வைக்காமல், கிட்டத்தட்ட 47 சதவீதம் இருக்கும். கோடையில் கரூரில் அறை 35 டிகிரி, ஈரப்பதம் 30 என்றால் பெட்டிக்குள் 26 சதவீதம்தான் வரும். சென்னைக்காரருக்குச் சரியாக வந்த கிண்ணக் கணக்கைக் கரூரில் செய்தால் குஞ்சு காய்ந்துபோகும். தண்ணீரின் ஆழம் ஈரத்தைக் கூட்டாது, பரப்புதான் கூட்டும். ஆழமான டம்ளரைவிட அகலமான தட்டு மேல். அதில் ஒரு ஸ்பாஞ்சைப் போட்டால் இன்னும் ஏறும்.

மலிவு ஈரப்பதமானியும் பொய் சொல்லும். ஒரு மூடியில் உப்பை எடுத்து, சேறு போல ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்று புகாத டப்பாவில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் ஏழு குறைவாகச் சொல்கிறது.

இதைவிட எனக்கு நம்பிக்கையானது தராசு. பத்து முட்டையை ஒன்றாக நிறுத்து எழுதுங்கள். நாட்டுக்கோழி முட்டை சராசரி 45 கிராம் என்றால் பத்துக்கு 450. ஏழாம் நாள் சுமார் 428, 18ஆம் நாள் 394 பக்கம் வந்தால் ஈரம் சரி. எடை வேகமாக இறங்கினால் தண்ணீர்ப் பரப்பைக் கூட்டுங்கள், இறங்கவே மாட்டேன் என்றால் தட்டை எடுத்துவிடுங்கள். முட்டைகளை நிறுக்க அஞ்சு நிமிடம்தான் ஆகும், அதற்குள் ஒன்றும் குளிர்ந்துவிடாது.

18ஆம் நாளுக்குப் பிறகு திருப்புவதை நிறுத்தி, தண்ணீரைக் கூட்டி, மூடியை மூடிவிடுங்கள். காற்றுத் துளையை மட்டும் மூடக் கூடாது. ஈரம் போய்விடும் என்று துளையில் டேப் ஒட்டுகிறார்கள், கடைசி நாட்களில்தான் குஞ்சுக்கு ஆக்ஸிஜன் அதிகம் தேவை. ஒட்டுமொத்தமாக முழுக் குஞ்சுகள் ஓட்டுக்குள் இறந்திருந்தால் துளையைப் பாருங்கள். தலை கூர்முனைப் பக்கம் இருக்கிற குஞ்சுகள் பல தென்பட்டால், முட்டையைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். அகன்ற முனை எப்போதும் மேலே, அல்லது முட்டை படுத்த நிலையில்.

ஓட்டைக் கொத்த ஆரம்பித்த குஞ்சு முழுதாக வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் எடுக்கும். நடுவில் மணிக்கணக்காகச் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில்தான் சவ்விலுள்ள ரத்தத்தையும் மஞ்சள் கருவையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பாவம் பார்த்து ஓட்டை உரித்தால் ரத்தம் கொட்டி இறந்துபோகும். இறங்கிய குஞ்சை உடனே எடுக்கவும் மூடியைத் திறக்காதீர்கள். மஞ்சள் கருவின் பலத்தில் இரண்டு நாள் தீனி தண்ணீர் இல்லாமல் இருக்கும். ஒரு குஞ்சை எடுப்பதற்காக மூடியைத் திறந்தால் இன்னும் மூன்று முட்டையின் சவ்வு காய்ந்துவிடும்.

நாற்றம் அடித்தால்

ஒரு முட்டை வியர்த்து, பழுப்பாகக் கசிந்தால் உடனே எடுங்கள். உள்ளே வெடித்தால் மற்ற முட்டைகளுக்கும் கிருமி பரவும். ஒவ்வொரு பொரிப்பு முடிந்ததும் பெட்டியைச் சோப்பு நீரில் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்து, நன்றாகக் காய வைக்க வேண்டும். தெர்மோகோலில் படிந்த தூவியும் ரத்தமும் லேசில் போகாது, உட்புறம் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டிக்கொண்டால் வேலை எளிது.

இன்னும் பிடிபடவில்லை என்றால்

அடுத்த முறை ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. அடைக்கு உட்கார்ந்த கோழி ஒன்று கிடைத்தால் உங்களிடம் நல்ல சோதனைக் கருவி இருக்கிறது. ஒரே நாள்களில் சேர்த்த இருபது முட்டையில் பத்தைக் கோழிக்கு வையுங்கள், பத்தைப் பெட்டியில் வையுங்கள். கோழி எட்டு ஒன்பது இறக்கி, பெட்டி மூன்று இறக்கினால் குறை பெட்டியில்தான். முட்டையையும் சேவலையும் மறந்துவிடலாம். இரண்டும் மோசம் என்றால் பெட்டியை எத்தனை முறை பிரித்து மாட்டினாலும் பயனில்லை. முட்டை, சேவல், தீனி, நோய் இவற்றில் தேடுங்கள். தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியே பரவும் சால்மோனெல்லா போன்ற கிருமியும் காரணமாக இருக்கலாம். குஞ்சு இறங்கிய முதல் வாரத்திலும் சாவு தொடர்ந்தால், இறந்த குஞ்சையும் உடைக்காத இரண்டு மூன்று முட்டையையும் பாலித்தீன் பையில் போட்டு, ஐஸ் வைத்து, அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கோ தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையத்துக்கோ கொண்டுபோங்கள். எடை, வெப்பம், எந்த நாளில் எத்தனை கரு இறந்தது என்று எழுதி வைத்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.